எஸ்தாக்கியார் பெயரில் ஒரு கிரேக்க முன்னொட்டு

பெயரிலேயே அச்சினைத் தாங்கிய அச்சுவேலி, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மெய்யாகவே அச்சுக்கூடமுடைய ஊராயிற்று. ச. தம்பிமுத்துப்பிள்ளை அங்கு நடத்திய ஞானப்பிரகாச யந்திரசாலையிலிருந்து சமய நூல்களும், நாடகங்களும், பின்னாளில் நாவல்களும் வெளிவந்தன. அவற்றுள் எஸ்தாக்கியார் நாடகமும் ஒன்று. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க மக்களின் நாட்டுக்கூத்து மரபில் நன்கு அறியப்பட்ட கதை அது.

பிளாசிதன் என்னும் உரோமப் படைத்தலைவன் வேட்டைக்குச் சென்றவிடத்து, ஒரு கலைமானின் கொம்புகளுக்கிடையே சிலுவையைக் கண்டு மனந்திரும்புகின்றான். ஞானஸ்நானம் பெற்றபோது அவனுக்கு இடப்பட்ட புதுப்பெயரே எஸ்தாக்கியார் என்பது. பின்னர்ச் செல்வம் போகின்றது, மனைவி பிரிகின்றாள், மைந்தரும் பிரிகின்றனர். எல்லோரும் மீண்டும் கூடியபின், அதிரியன் என்னும் பேரரசன் காலத்தில் குடும்பம் முழுவதும் வெண்கல எருதொன்றின் வயிற்றிலிட்டு எரிக்கப்பட்டுச் சாட்சிமரணம் எய்துகின்றது. இவை வரலாற்றாசிரியர் ஒப்பும் செய்திகளல்ல. பத்தர் போற்றும் புராணம். ஆயினும் அரிச்சந்திரன் கதையில் ஊறிய யாழ்ப்பாணத்து மக்கட்கு, நாடும் மனையும் மகவும் இழந்து உண்மையை இழவாத ஒருவன் கதை அந்நியமாய்த் தோன்றியிராது. கூத்துக்களரியில் அது வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணமெனலாம்.

ஈண்டு ஆராயப்படுவது கதையன்று, பெயர். எஸ்தாக்கியார் என்ற சொல்லின் முதலெழுத்தாகிய எகரம், கிரேக்க மொழியின் மிகச் சிறிய, மிகப் பழைய முன்னொட்டொன்றின் எச்சமாகும். கிரேக்கத்தில் அம்முன்னொட்டு எகரமும் உகரமும் சேர்ந்த ஓரசையாய் ஒலித்தது. ஆங்கிலத்தில் அஃது ‘யூ’ என ஒலிக்கப்படுகின்றது. பொருள் ‘நன்று’ என்பதே. ‘ஸ்தக்குஸ்’ என்பது தானியக்கதிர். இரண்டும் கூடி, நற்கதிர் விளைந்தவன் என்னும் பொருளில் ஆட்பெயராயின. கூத்தாடியவருள்ளும் கேட்டவருள்ளும் தம் நாயகனின் பெயர் ‘நற்கதிர்’ என்று உணர்ந்தோர் எத்துணையர் இருந்திருப்பர்?

ஆங்கிலம் கற்கும் மாணவர் அகராதியைப் புரட்டுங்கால் இம்முன்னொட்டுடைய அருஞ்சொற்கள் பலவற்றைக் காண்பர். அவற்றின் பொருளை மனனஞ் செய்வாருண்டு. உச்சரிப்பிலே இடர்ப்படுவார் அவரினும் பலர். ஆனால் இச்சிறு முன்னொட்டு தமிழுக்குப் புதியதன்று. ஒரு முறையன்று, பல முறை, பல வாயில்களால் அது தமிழிற் புகுந்துள்ளது. ஒலியாய்ப் புகுந்தவிடத்து உருக்குலைந்து பொருளிழந்தது. பொருளாய்ப் புகுந்தவிடத்துத் தமிழாகவே நிலைபெற்றது. இவ்வேறுபாடே இம்முன்னொட்டின் வரலாற்றில் நோக்கற்பாலது.

முதலில் ஒலியை நோக்குவோர்க்கு ஒன்று புலனாகும். அகரமும் இகரமும் சேர்ந்தாற்போலும் ஒலிக்கு ஐகாரமும், அகரமும் உகரமும் சேர்ந்தாற்போலும் ஒலிக்கு ஔகாரமும் தமிழில் உண்டு. எகரமும் உகரமும் சேர்ந்த கூட்டொலிக்கு எழுத்தில்லை. இக்குறை தமிழுக்கு மட்டும் உரியதன்று. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் பக்திரியா நாட்டை ஆண்ட கிரேக்க மன்னன் ஒருவனை ஆங்கில நூல்கள் யூக்ரட்டைடீஸ் என்று கூறும். அவன் காசுகளின் ஒருபுறம் கிரேக்க எழுத்தும், மறுபுறம் கரோஷ்டி எழுத்திற் பிராகிருதமும் பொறிக்கப்பட்டன. பிராகிருதத்தில் அவன் பெயர் ‘எவுக்ரதித’ என்றே காணப்படுகின்றது. கிரேக்கன் வாயிற் பிறந்த ஒலியை இந்தியச் செவி கேட்டு, இடையே வகரத்தை உடம்படுமெய்போல் நிறுத்தி எழுதிய சான்று அது. அக்காலக் கிரேக்கர் இம்முன்னொட்டினை ‘யூ’ என்று ஒலித்திலர் என்பதற்கு இதனினும் வேறு கரி வேண்டுவதில்லை.

அதே நூற்றாண்டின் இறுதியில் எகிப்திலிருந்து கடல்வழியாய் இந்தியாவுக்கு வந்து மீண்டவனாகச் சொல்லப்படும் கிரேக்க மாலுமியின் பெயரும் இம்முன்னொட்டையே உடையது. யூடொக்ஸஸ் என்னும் அப்பெயர்க்கு நற்புகழோன் என்பது பொருள். யவனர் கலங்கள் தமிழகக் கரையைத் தொட்ட காலத்தில் ஓரை, சுருங்கை முதலிய கிரேக்கச் சொற்கள் தமிழிற் புகுந்தன என்பர்.

காலப்போக்கில் கிரேக்கர் நாவிலேயே அவ்வொலி திரிந்தது. இற்றைக் கிரேக்கர் அதனை ‘எவ்’ என்றும், வல்லொலிக்கு முன் ‘எஃப்’ என்றும் கூறுவர். ஒருவர்க்கு நன்றி சொல்லும்போது அவர் கூறும் ‘எஃப்ஹரிஸ்தோ’ என்னும் சொல்லும், கிறித்தவ ஆலயங்களிலே நற்கருணையைக் குறிக்கும் பழஞ்சொல்லும் ஒரே அடியிற் பிறந்தவை. ஆங்கிலரோ இலத்தீன் வழியும் பிரெஞ்சு வழியும் எழுத்தைப் பெற்று, ஒலியைத் தம் மொழியின் போக்குக்கு விட்டனர். முடிவில் அது யகரத்தோடு கூடிய ஊகாரமாயிற்று. யகரம் ஆங்கிலத்தில் மெய்யாதலின், இச்சொற்களுக்கு முன் ‘அன்’ என்ற சுட்டிடைச்சொல் வாராது, ‘அ’ என்பதே வரும். ஐரோப்பியன் என்னும் சொல்லுக்கு முன் ‘அன்’ எழுதிப் பிழைபடும் மாணவர் இன்றும் உளர். எனினும் சில நூற்றாண்டுகளுக்கு முன் ஆங்கில ஆசிரியர்களே அவ்வாறு எழுதினர் என்பது அவர்க்கு ஓர் ஆறுதல்.

தமிழுக்கு வந்த வழிகள் நான்கு. கத்தோலிக்கர் வாயிலாக வந்தது எஸ்தாக்கியார். போர்த்துக்கேயரோடு வந்த புனிதர் பெயர்களிற் பல எகரத்திலோ இகரத்திலோ தொடங்குவனவாய்த் தமிழ்ப்படுத்தப்பட்டன. இங்கும் கூட்டொலியின் உகரம் உதிர்ந்து எகரம் மட்டும் எஞ்சிற்று.

இரண்டாம் வழி புரொட்டஸ்தாந்தரது. பழைய தமிழ் வேதாகமத்தைக் கற்றோர் அதில் ஐத்திகு என்னும் இளைஞன், ஐனிக்கேயாள் என்னும் தாய், ஐபூலு என்னும் அடியவன் ஆகியோரைக் காண்பர். ஐத்திகு என்பது நற்பேறுடையோன். ஐனிக்கேயாள் என்பது நல்வெற்றியுடையாள். ஐபூலு என்பது நன்மதியாளன். இம்மூவர் பெயரிலும் முன்னொட்டு ஐகாரமாய் நிற்கின்றது. தரங்கம்பாடியிலும் சென்னையிலும் வேதாகமத்தைத் தமிழாக்கிய சீகன்பால்குவும் பப்ரீசியுவும் ஜேர்மானியர். இவ்வெழுத்துக்களை ‘ஒய்’ என்பதை ஒத்த ஒலியாற் படிப்பது ஜேர்மானிய வழக்கு. ஐகாரம் அவ்வழி வந்ததாகக் கொள்ளுதல் பொருந்தும். முன்னொட்டோடு தொடர்பில்லாத ஐரோப்பா என்னும் சொல்லிலும் இதே ஐகாரம் நிற்றல் காண்க. ஆங்கிலம் வழி வந்திருப்பின் தமிழர் இன்று யூரோப்பு என்றன்றோ சொல்லியிருப்பர்! வேதாகமத்தின் ஐபிராத்து நதி 1995ஆம் ஆண்டின் திருவிவிலியத்தில் யூப்பிரத்தீசு ஆனது, ஜேர்மானியச் செவி போய் ஆங்கிலச் செவி வந்தமைக்கு அடையாளம். அந்நதியின் பெயரிலுள்ள முன்னொட்டு உண்மையிற் கிரேக்கமும் அன்று. அக்காத்தியர் புராத்து என்றும், பழம்பாரசீகர் உஃப்ராத்து என்றும் வழங்கியதைக் கிரேக்கர் தம் செவிக்கு இனிதாக்கிக் கொண்டனர்.

மூன்றாவது ஆங்கில வழி: யூக்கிளிட், யூக்கலிப்டஸ் என வரும் சொற்கள். தொல்காப்பியர் யகரம் ஆகாரத்தோடு மட்டுமே மொழிக்கு முதலாகும் என்றார். சங்க நூல்களிலேயே யூபம் வந்துவிட்டது; நன்னூலார் யூகாரத்துக்கும் இடமளித்தார். ஆதலின் யூக்கிளிட் நன்னூலுக்கு உடன்பாடு, தொல்காப்பியத்துக்கு மாறு.

நான்காவது வழி பாடநூல் வழி. இலங்கையில் விஞ்ஞானக் கல்வி தமிழ் மொழியில் நடைபெறத் தொடங்கிய காலத்து, அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. பிறமொழிப் பெயர்களைத் தமிழ் ஒலிமரபு வழுவாமல் எழுதல் வேண்டும் என்பது அவற்றைத் தொகுத்தோர் கொண்ட நெறி. ஐதரசன், ஒட்சிசன் என்பன அந்நெறியின் பயன்கள். செவியின் நடுப்பகுதியையும் தொண்டையையும் இணைக்கும் குழாயொன்று உண்டு. கொட்டாவி விடும்போது அது திறந்து காற்றமுக்கத்தைச் சமன்செய்யும். 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய உடற்கூற்று அறிஞர் பார்த்தொலொமேயோ எஸ்தாக்கி அதனை விரித்துரைத்தார். 1704இல் வல்சால்வா அவர் பெயரையே அதற்கு இட்டார். இலங்கைப் பாடநூல்களில் அஃது ‘ஊத்தேக்கியாவின் குழாய்’ என வழங்கலாயிற்று.

கோயிலிலே எஸ்தாக்கியார், உடற்றொழிலியல் நூலிலே ஊத்தேக்கியா! இருவர் பெயரும் ஒன்றென்பதைத் தமிழெழுத்து முற்றிலும் மறைத்துவிட்டது. தானியக்கதிரைக் குறித்த கிரேக்கச் சொல் செவிக்குழாயின் பெயராய் முடிந்ததும் ஒரு விந்தையே. ஆங்கிலத்திற் செவிக்கும் கதிருக்கும் சொல் ஒன்றாதலின் இதிற் பொருட்பொருத்தம் காண முயல்வார் உளராகலாம். அவ்விரு சொற்களும் வேறுவேறு அடியின, உறவு தற்செயலானது.

இவ்வாறு எ, ஐ, யூ, ஊ என நான்கு உருவில் முன்னொட்டு தமிழில் நிற்கின்றது. நான்கனுள் ஒன்றேனும் ‘நன்று’ என்ற பொருளைத் தமிழ்ச் செவிக்கு உணர்த்துவதில்லை.

ஆங்கிலத்தின் நிலையும் அத்துணைச் சிறந்ததன்று. ஒலி ஒன்றாய் நின்றாலும் பொருளறிந்து சொல்வார் சிலரே. ஒலியினிமையைக் குறிக்கும் ‘யூஃபனி’ என்ற சொல்லில் அழுத்தம் முதலசையில் விழும்; அதன் பண்புச்சொல்லாகிய ‘யூஃபோனியஸ்’ என்பதில் இரண்டாமசைக்கு நகரும். கால்டுவெல் முதலிய மேனாட்டார் தமிழிலக்கணத்தில் யகர வகர உடம்படுமெய்களை இச்சொல்லாற் சுட்டினர். அவர்கள் கண்டது ஒலியின் இனிமை. தமிழிலக்கணத்தார் கண்டது இரண்டு உயிர்கள் உடன்படுதல். பின்னதே நுட்பமான பெயர். ‘யூலஜி’ என்பது நன்மொழி. இன்று அது பெரும்பாலும் இறந்தோரைப் புகழ்தற்கு வழங்குகின்றது. யாழ்ப்பாணத்தில் அந்தியேட்டித் தினத்தன்று அச்சிட்டு வழங்கப்படும் கல்வெட்டுக்கு நிகரான சொல் தேடுவோர் இதனைக் கொள்ளலாம்.

வேதியியலில் வரும் ‘யூடியொமிற்றர்’ என்னும் கருவியின் பெயரில் அழுத்தம் மூன்றாமசையிலுள்ளது. வாயுவை அளக்கும் கருவிக்கு நன்மைப் பொருள் தரும் முன்னொட்டு எதற்கு? ‘யூடியோஸ்’ என்றால் தெளிந்த வானிலை. வானக் கடவுளாகிய சீயுஸின் பெயர் அதனுள் மறைந்து கிடக்கின்றது. வேதத்துத் தியௌஸ் என்னும் பெயரும் அதனோடு உறவுடையது. 18ஆம் நூற்றாண்டிலே காற்றின் நன்மை தீமையை அளக்கலாம் என்று நம்பியோர் அக்கருவிக்கு இட்ட பெயர், நம்பிக்கை மாறியபின்னும் நின்றுவிட்டது. ஆங்கில இலக்கிய வரலாற்றிலே ஜோன் லிலி 1578இல் எழுதிய நூலின் நாயகனாற் பெயர்பெற்ற செயற்கை நடை ஒன்றுண்டு. அதன் பெயரும், அமங்கலத்தை மங்கலமாய்க் கூறுதலைக் குறிக்கும் சொல்லும் ஒலியில் மிக நெருங்கியவை. இரண்டையும் மயங்கித் தேர்விலே தவறுவது மாணவர்க்கு இயல்பு.

வேடப் போலிகளும் உள. ஆர்க்கிமிடீஸ் கூவியதாகச் சொல்லப்படும் ‘யுரேக்கா’ கிரேக்கத்தில் ஹகரத்தோடு தொடங்குவது. ‘கண்டுகொண்டேன்’ என்னும் வினைமுற்றே அன்றி நன்மை குறித்ததன்று. அந்தப்புரக் காவலரான அலிகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் தொடக்கம் படுக்கையைக் குறிக்கும் கிரேக்கச் சொல். இவற்றுள் நயமிக்கது தோமஸ் மோரின் குறும்பு. 1516இல் அவர் தம் கற்பனைத் தீவுக்கு இட்ட பெயரின் முன்னொட்டு இன்மையைக் குறிப்பது. எங்குமில்லா இடம் என்பது பொருள். நூலின் முகப்புச் செய்யுளொன்று, அதனை நல்லிடம் எனவும் அழைக்கலாம் என்று சிலேடை செய்கின்றது. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கும். இல்லாத இடமோ நல்ல இடமோ என்பதைச் செவியால் அறிதல் இயலாது.

தாவரவியலில் ஒரு பெயர் தனியே குறிக்கத்தக்கது. பழைய மௌரித்தேனியா நாட்டு மன்னன் யூபாவின் மருத்துவர் யூஃபோர்பஸ் என்பவர். நன்கு ஊட்டப்பெற்றவர் என்பது அப்பெயரின் பொருள். கள்ளியினத்துக்கு அவர் பெயரால் யூஃபோர்பியா என்று வந்தது. வறண்ட நிலத்து வேலிகளில் நிற்கும் பாற்கள்ளி வகையொன்றுக்கு இலின்னேயஸ் 1753இல் இட்ட முழுப்பெயர் ‘யூஃபோர்பியா திருக்கள்ளி’. பின்மொழி மலையாளக் கரையின் வழக்கினின்றும் எடுக்கப்பட்டது. தமிழர் திருகுகள்ளி என்பர். கிரேக்க மங்கல முன்னொட்டும் திராவிடக் கள்ளியும் ஒரே பெயரில், அதுவும் கண்ணிற் பட்டால் பெருந்துன்பம் விளைக்கும் பாலையுடைய செடியின் பெயரில், கூடியிருத்தல் வியப்பே.

இனிப் பொருள்வழிப் புகுந்தமை. கிரேக்க முன்னொட்டுக்கும் வடமொழியிற் ‘சு’ என்னும் உபசர்க்கத்துக்கும் மூலம் ஒன்று என்பது ஒப்பியன் மொழிநூலார் முடிபு. உயிர்களுக்கிடையே நின்ற சகரவொலி கிரேக்கத்தில் மறைந்தது. வடமொழியிலோ முன்னின்ற உயிர் மறைந்து சகரம் எஞ்சியது. வடமொழியிற் ‘சுமனஸ்’ என்பதும் கிரேக்கத்தில் ‘எஉமெனேஸ்’ என்பதும் உறுப்புக்கு உறுப்பு ஒத்தவை. இரண்டன் பொருளும் நல்ல மனத்தை உடைமை. தீய மனத்தைக் குறிக்கும் ‘துர்மனஸ்’ என்பதற்கும் கிரேக்கத்தில் ‘துஸ்மெனேஸ்’ என்ற நேர்ச்சொல் உண்டு. யூஜின் என்று பெயரிட்ட மேனாட்டுத் தந்தையும் சுஜாதா என்று பெயரிட்ட நம்நாட்டுத் தந்தையும், அறியாமலே, ஒரே பெயரை இட்டவராவர்.

சொற்பிறப்பு ஆராய்ச்சிக்கும் அச்சுவேலிக்கும் உள்ள தொடர்பு இவ்விடத்து நினையத்தக்கது. 1875இல் மானிப்பாயிற் பிறந்து, தந்தையை இழந்தபின் அச்சுவேலியில் தம்பிமுத்துப்பிள்ளையின் இல்லத்தில் வளர்ந்த சிறுவரே பிற்காலத்தில் நல்லூர்ச் சுவாமி ஞானப்பிரகாசராய் விளங்கினார். அவர் பல மொழிகளைக் கற்று, 1938ஆம் ஆண்டு முதலாகச் சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதியைப் பகுதி பகுதியாய் வெளியிட்டார். பணி முற்றுப்பெறுமுன் 1947இல் மறைந்தார். தமிழ் வேர்ச்சொற்களுக்கும் இந்தோ ஐரோப்பிய மொழிகளுக்கும் உறவுண்டு என்று அவர் கொண்ட துணிபைப் பிற்கால மொழிநூலார் ஏற்றிலர். 1961இல் பரோவும் எமனோவும் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பகராதி திராவிட மொழிகளைத் தனிக்குடும்பமாகவே வைத்து ஆராய்ந்தது. ஆயினும் ஒரு சொல்லை உறுப்புறுப்பாய்ப் பிரித்து ஒவ்வோர் உறுப்பின் பொருளையும் வினவும் பழக்கத்தை யாழ்ப்பாணத்தில் நிலைநாட்டியவர்களுள் சுவாமிகளுக்குச் சிறப்பிடம் உண்டு. அக்குடும்பத்தினராய் அச்சுவேலியில் 1915இற் பிறந்த தம்பிமுத்து, இலண்டன் சென்று 1939இல் ‘பொயற்றி இலண்டன்’ என்னும் ஆங்கிலக் கவிதையிதழைத் தொடங்கினார். ஒரு சிற்றூர் அச்சுக்கூடத்தின் மரபு எவ்வளவு தொலைவு சென்றது என்பதற்கு அதுவும் சான்று.

கிறித்தவ நூல்களைத் தமிழாக்கியோர் சில சொற்களை ஒலிவழி விடாது பொருள்வழி ஆக்கினர். நற்செய்தியைக் குறிக்கும் கிரேக்கச் சொல் சுவிசேஷம் ஆயிற்று. முன்னொட்டுக்கு அதன் உடன்பிறந்த ‘சு’ வந்தது. செய்தி என்பதற்குப் பேச்சுவழக்கின் விசேஷம் வந்தது. யாழ்ப்பாணத்தார் செய்தியைப் புதினம் என்பராதலின், இங்கே பிறந்திருப்பின் அச்சொல் நற்புதினம் என்றாகியிருக்கலாம்! நன்றியறிதலையும் அருளையும் ஒருங்கே சுட்டிய மற்றொரு சொல் நற்கருணை ஆயிற்று. முன்னொட்டு ‘நல்’ என்றும், ‘ஹாரிஸ்’ என்னும் பகுதி கருணை என்றும் நின்றன. நன்றி கூறல் என்னும் பொருள் இதில் மறைந்தது குறையே. ஆனாற் படிப்பறியாத முதியவளும் நற்கருணை என்ற சொல்லைக் கேட்டு அதில் நன்மையும் கருணையும் உள என்று அறிவாள். எஸ்தாக்கியார் என்ற பெயரில் அவளுக்கு எதுவும் புலனாகாது.

தமிழ் ‘நல்’ இவ்வளவு எளிதில் ஈடுகொடுத்தமைக்கு ஆழ்ந்த காரணம் உண்டு. கிரேக்க முன்னொட்டுக்கு இரண்டு தொழில். நல்லதை நல்லது என்பது ஒன்று. அஞ்சத்தக்கதை நல்லது என்று அழைத்து அமைதிப்படுத்துவது மற்றொன்று. பழிவாங்கும் பெண்தெய்வங்களைக் கிரேக்கர் எஉமெனிதேஸ், அதாவது நன்மனத்தியர், என்றனர். கலங்களை விழுங்கும் கருங்கடலை விருந்தோம்பும் கடல் என்றனர். வேள்வித் தொடக்கத்திற் பூசகன் ‘நன்மொழி கூறுக’ என்று ஆணையிடுவான். தீமொழி நாவில் வாராதிருக்க யாவரும் மௌனமாவர். மங்கல வழக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அங்கிருந்தே பிறந்தது.

நன்னூலைப் பாடங்கேட்ட யாழ்ப்பாணத்து மாணவர்க்கு இஃது அறிந்த பொருள். தகுதி வழக்கின் வகைகளுள் மங்கலத்தை விளக்கும் உரையாளர், சுடுகாட்டை நன்காடு என்றலை எடுத்துக்காட்டுவர். நன்காடு என்ற அச்சொல்லைக் கிரேக்கத்தில் ஆக்கின், இம்முன்னொட்டைத் தவிர வேறொன்றும் அதற்குப் பொருந்தாது. நஞ்சு மிக்க பாம்பை நல்லபாம்பு என்றலும் அதுவே. இருவேறு குடும்ப மொழிகள், ஒன்றையொன்று கேளாமலே, அச்சத்துக்கு ஒரே மருந்தைக் கண்டுள்ளன. ஆகவே ‘நல்’ என்பது அம்முன்னொட்டின் மொழிபெயர்ப்பு என்பதினும், தமிழில் முன்னரே இருந்த அதன் இணை என்பதே தகும்.

இவ்வுண்மை கலைச்சொல் ஆக்குவோர்க்கு எளிய வழியையும் காட்டும், ஓர் இடரையும் காட்டும். மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்த வைத்தியர் சாமுவேல் கிறீன், 1847இல் யாழ்ப்பாணம் வந்து 1873இல் மீண்டவர். தமிழ்ச்சொல் கிடைப்பின் அதனையும், இன்றேல் வடசொல்லையும், இரண்டும் இல்வழி ஆங்கிலத்தைத் தமிழொலிக்கேற்பத் திரித்தும் கொள்வது அவர் முறை. 1875இல் வெளிவந்த வேதியியல் நூலுக்குக் கெமிஸ்தம் என்று பெயர் சூட்டப்பட்டது மூன்றாம் வழிக்கு உதாரணம். அவர் காட்டிய படிமுறையிலே முன்னொட்டுக்கு எப்போதும் ‘நல்’ என்று கொண்டால் என்ன நேரும்?

உயிரியலில் முதற் பிழை நேரும். கரு தனியே வரையறையுற்ற கலங்களையுடைய உயிர்களைக் குறிக்கும் சொல்லில் இம்முன்னொட்டு உண்மை, நிறைவு என்னும் பொருளது. நற்கரு என்றால் அது குணத்தைப் புகழ்வதாகும். மெய்க்கரு என்று ஆக்கியோர் பொருளறிந்து ஆக்கினர். முன்னொட்டின் பொருள் துறைக்குத் துறை நகர்வதை அகராதி மட்டும் கற்பியாது.

இரண்டாவது பிழையோ எழுத்தளவில் நில்லாதது. 1883இல் பிரான்சிஸ் கால்ற்றன் மனிதரின் பிறப்பைத் தெரிந்தெடுத்து இனத்தை உயர்த்தலாம் என்ற கொள்கைக்கு, நற்பிறப்பு என்னும் பொருள்பட இம்முன்னொட்டால் ஒரு பெயர் படைத்தார். எவர் நற்பிறப்பினர், எவர் அல்லர் என்ற தீர்ப்பு பெயரிலேயே ஒளிந்திருந்தது. ஜேர்மனியில் 1933இற் கட்டாய மலடாக்கச் சட்டம் வந்தது. 1939இல் நோயாளரையும் உடற்குறை, மனக்குறை உடையோரையும் கொல்லும் மறைமுகத் திட்டம் தொடங்கிற்று. 1941 வரையில் 70,000க்கு மேற்பட்டோர் நச்சுவாயுவால் மாய்ந்தனர். அக்கொலைகளுக்கு இடப்பட்ட பெயரும் இதே முன்னொட்டினதே: ‘யூதனேசியா’. இச்சொல்லில் அழுத்தம் மூன்றாமசையாகிய நேகாரத்தில் விழும். உறுப்புப் பிரித்தால் ‘நல்ல மரணம்’ என்பதே பொருள்.

பேரரசன் அகுஸ்துஸ் இச்சொல்லை வழங்கியதாகச் சுவேத்தோனியுஸ் என்னும் உரோம வரலாற்றாசிரியர் குறித்துள்ளார். ஒருவர் துன்பமின்றி விரைவில் இறந்தார் எனக் கேட்கும்போதெல்லாம், தமக்கும் தம்மவர்க்கும் அத்தகைய முடிவு வேண்டும் என்று அவர் வேண்டுவாராம். அங்கே கொல்வோன் ஒருவன் இல்லை. ஒருவர் உயிரை மற்றொருவர் போக்கும் பொருள் அச்சொல்லில் ஏறியது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான்.

தமிழ் இவ்விடத்தில் முன்னொட்டைப் பின்பற்றவில்லை. நன்காடும் நல்லபாம்பும் வழங்கும் மொழியில், நற்சாவு என்று ஆக்குதல் மிக எளிது. ஆக்கியிருப்பின் யாரும் குறைகூறியிருக்கமாட்டார். நிலைபெற்ற சொல்லோ கருணைக்கொலை. செய்வோனின் கருத்தைக் கருணை என்று ஒப்புக்கொண்டபோதும், செயலைக் கொலை என்றே அது கூறுகின்றது. முன்னொட்டினுள் மறைந்துநின்ற கொல்வோன் தமிழ்ச்சொல்லில் வெளிப்பட்டுவிடுகின்றான். மற்று, பேரரசன் அகுஸ்துஸ் விரும்பிய முடிவுக்குத் தமிழர் பழைய சொல்லையே வைத்துக்கொண்டனர். படுக்கையிற் கிடந்து வருந்தாது, பிள்ளைகள் சூழ, ஓர் இரவில் உயிர்நீத்த முதியவரைக் குறித்து யாழ்ப்பாணத்து ஊர்களில் இன்றும் ‘நல்ல சாவு’ என்பர்.